நானூற்று முப்பத்தெட்டு ஜோடிக் கால்கள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, சின்னவள், அவள் வீட்டுக்காரர், குட்டி எல்லோரும் அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் தக்கபடி நலமாக இருக்கிறோம். நீ நலமாக இருப்பதாக நீயே சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ இருக்கிற நாலு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் "அப்புறம்மா, அப்புறம்மா" என்று சொல்வதற்கே போய்விடுகிறது, மிச்ச நேரம் அப்பா பின்னால் நின்றுகொண்டு அங்கே மழையா வெயிலா என்று கேட்கச் சொல்லி என் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறார். இது கொஞ்சம் நீளமான விஷயம், நடுவில் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும், அதனால் தாளை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். கடையில் இருந்த கம்ப்யூட்டர் போய்விட்டது. நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின மாதம் வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாயே, அதே கறுப்புப் பெட்டிதான். பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் லீவு போடவில்லை, தலைவலி என்று சொன்னதில்லை, தோல் தூசியும் பசை நாற்றமும் தாங்கிக்கொண்டு கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் கண்டக்டர் அம்மாவுக்கு அடுத்த ஜோடி வெட்டலாம் என்று அவர் அளவைத் திறந்தேன், திரை அப்படியே நின்றுவிட்டது, உள்ளேயிருந்து யாரோ பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். பெட்டி போனதுகூடப் பரவாயில்லை, அதற்குள் இருந்த நானூற்று முப்பத்தெட்டுப் பேருடைய கால் அளவும் சேர்ந்து போய்விட்டது. நம் கடைக்கு வருகிறவர்கள் யாரென்று உனக்குத் தெரியும், ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை, ஆபரேஷன் ஆன கால், சர்க்கரையில் விரல் போன கால் என்று வேறு எந்தக் கடையிலும் ஷூ கிடைக்காதவர்கள்தான் இங்கே படியேறுகிறார்கள். அளவு இல்லையென்றால் நான் வெறும் தோல் வைத்திருக்கிற பெண்மணி, அவ்வளவுதான். அந்த மாதத்துக்கு மட்டும் பதினோரு ஜோடி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

சத்தம் கேட்டதும் அப்பா மேலேயிருந்து இறங்கி வந்தார். டெப்போவில் முப்பத்தோரு வருஷம் பஸ் இன்ஜினுக்குக் காது வைத்துக் கேட்ட மனுஷர் அல்லவா, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்று தீர்ப்பு சொன்னார். பிறகு பழைய ரேடியோவுக்குச் செய்கிற வைத்தியமாகப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூன்றாவது தட்டும் விழுந்துவிட்டது. டிக் டிக் நின்றது, அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அதற்குப் பிறகு அது எந்தச் சத்தமும் போடவில்லை. இதை வைத்து அப்பாவைக் கிண்டல் செய்யாதே, அந்தத் தட்டினால் ஒன்றும் கெடவில்லை, ஏற்கெனவே கெட்டிருந்தது என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனாலும் அப்பா மூன்று நாள் என் கண்ணில் படாமல் மாடிக் குழாயை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார், ஒழுகாத குழாய் அது.

ரிப்பேர் கடைக்காரர் யாரென்றால் நம் தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர், பேசும்போது வாயில் திருகாணியை வைத்துக்கொண்டே பேசுவார், அதனால் அப்பா அவருக்கு ஸ்க்ரூ என்று பேர் வைத்திருக்கிறார். அவர் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஏதோ மணல் மாதிரி நகர்ந்தது. "அம்மா, இதுக்குள்ள ஒரு தட்டு சுத்தும், அதுக்கு மேல ஊசி மாதிரி ஒண்ணு தொடாம ஓடும், அது விழுந்து தட்டை உரசிடுச்சு, இனிமே இதுக்குக் கரண்டே குடுக்காதீங்க" என்று சொன்னார். டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்துத் தகவலை மீட்கிற இடம் ஒன்று வெளியூரில் இருக்கிறதாம், பஞ்சில் சுற்றி அங்கே அனுப்பினார். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது, கூடவே ஒரு தாள், அதில் ஒரே ஒரு வரி, மேற்பரப்பு சுரண்டப்பட்டுவிட்டது, எதையும் படிக்க முடியவில்லை என்று. சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கேதான் நீ எழுந்து உட்கார்ந்து, பென் டிரைவில் காப்பி இருக்குமே என்று கேட்பாய். இருக்க வேண்டும். நீ கிளம்பின அன்று காலையில் பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாய், வெள்ளிக்கிழமைதோறும் கடை மூடுவதற்கு முன் இதை இழுத்து இதில் போடு, போட்டபின் அங்கேயே திறந்தும் பார், போட்டோம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடாதே என்று. நான் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. சின்னவளுக்குப் பிரசவ வலி எடுத்த வெள்ளிக்கிழமைகூட இழுத்துப் போட்டுவிட்டு, திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன், அதை அவள் இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திறந்தது, ஒவ்வொரு தடவையும் எல்லோருடைய அளவும் வரிசையாகத் தெரிந்தது. அந்தப் பென் டிரைவை ஸ்க்ரூவிடம் கொடுத்தேன், அவர் தன் கம்ப்யூட்டரில் செருகினார், திறக்கவில்லை. வாயிலிருந்து திருகாணியை எடுத்து மேஜையில் வைத்தார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று திரையின் முதல் பக்கத்தில் "கால்கள்" என்று ஒரு படம் வைத்துவிட்டுப் போனாயே, மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்ட படம், அது ஃபைல் இல்லையாம். அது ஃபைல் இருக்கிற இடத்துக்குக் கை காட்டுகிற பலகையாம். நான் வாரா வாரம் பென் டிரைவுக்குள் போட்டு வைத்தது அந்தப் பலகையைத்தான். அதே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்ததால் அது ஒழுங்காகக் கை காட்டி உண்மையான ஃபைலைத் திறந்து காட்டியிருக்கிறது, பெட்டி போன பிறகு காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அறுநூறு வெள்ளிக்கிழமைக்கு மேல் கண்ணும் கருத்துமாக ஒரு அம்புக்குறியைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஸ்க்ரூவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க ரொம்ப கரெக்டா தப்பு பண்ணியிருக்கீங்கம்மா" என்றார். இதைப் படித்ததும் உன் மூஞ்சி எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், இது உன் தப்பு இல்லை. நீ இதை என்று கை நீட்டினாய், வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், நான் நீ நீட்டின இடத்தில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமே அவசரத்தில் இருந்தோம். இதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

பழைய தாள்கள் எங்கே என்றும் கேட்பாய். ஆளுக்கொரு பழுப்புத் தாளில் காலைச் சுற்றிக் கோடு போட்டு அலமாரி நிறைய வைத்திருந்தேன் அல்லவா, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த பிறகு இடத்தை அடைக்கிறதே என்று, யாருக்கு ஷூ தயாரானதோ அவருடைய தாளிலேயே அந்த ஷூவைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். அவரவர் காலைக் கொண்டே அவரவர் ஷூவைச் சுற்றுகிறேன் என்று அப்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்கிற காரியங்களில்தான் எனக்கு எப்போதும் அடி விழுகிறது. ஷூவை மாட்டிச் செய்கிற மரக்கால் அச்சும் உதவாது, ஏனென்றால் நான் ஆளுக்கொரு அச்சு வைத்திருக்கிறவள் இல்லை, பொது அச்சின் மேல் அளவைப் பார்த்துத் தக்கையும் தோல் துண்டும் ஒட்டி ஷூ செய்து முடித்ததும் உரித்துவிடுகிறேன். ஆக ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு நிற்க வைத்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம்பர்கள் போனில் இருந்தன. சின்னவள் ஆபீஸ் முடிந்து வந்து ஒரு நாளைக்கு இருபது பேருக்குப் போன் போட்டாள், அவளுக்கு இப்போது பக்கத்துக் கிளைக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, நடந்தே போய்விடுகிறாள், அது ஒரு நல்ல சேதி. குட்டிக்கு முன்பல் ஆடுகிறது, யாராவது வந்தால் ஆட்டிக் காட்டுகிறாள், வந்தவர்கள் போதும் போதும் என்கிற வரைக்கும் விடுவதில்லை.

முதலில் வந்தது கண்டக்டர் அம்மா. அவருக்கு வலது கால் இருபத்திரண்டு மில்லிமீட்டர் குட்டை, அதற்குத் தக்க வலது ஷூவில் தக்கை ஏற்றித் தருவேன், அந்த எண் எனக்கு மனப்பாடம், அதனால் அளக்காமலே வெட்டிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. எப்படியோ நிற்கச் சொல்லி அளந்தேன். பதினைந்துதான் வந்தது. நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தேன், பதினைந்துதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, அதில் வித்தியாசம் குறைந்திருக்கிறது. அவர் கழற்றி வைத்த இடது ஷூவைக் கையில் எடுத்தேன், உள்ளே டிக்கெட் ரோல் தாளை மடித்து மடித்து ஒரு மெத்தை மாதிரி வைத்திருந்தார். நான் வலது பக்கம் அதிகமாக ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், அவர் இடது பக்கம் தாளை வைத்துச் சரிக்கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓடுகிற பஸ்ஸில் நின்றிருக்கிறார். நாலு வருஷமாக, எட்டு ஜோடி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. ரொம்பச் சாதாரணமாக, "ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் மாறியிருக்கும்போலன்னு சொன்னேனேம்மா, நீங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு உங்க அளவு இதுல பத்திரமா இருக்கு கவலைப்படாதீங்கன்னீங்க, சரி என் கால்தான் தப்பு போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், பெருமையாகவே சொல்லியிருக்கிறேன், நீங்கள் வரவே வேண்டாம், உங்கள் கால் என்னிடம் இருக்கிறது என்று. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டுதான் இருந்தேன், தாளைத் தேடி எடுப்பதைவிட அளந்துவிடுவது சுலபமாக இருந்தது. பெட்டி வந்த பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கால் எனக்குத் தேவைப்படவில்லை. பெட்டியைக் குற்றம் சொல்லமாட்டேன், என்ன போட்டோமோ அதைத்தான் அது திருப்பிக் கொடுத்தது, ஒரு மில்லிமீட்டர் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரி ஷூப் பிரிவில் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னால் ஒருத்தர் நொண்டினார் என்ற பேச்சு வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வராததற்குக் காரணம் யாரும் வாயைத் திறக்காததுதான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் சொல்லு. அளவு காணாமல் போனது அதற்குப் பிறகு எனக்குப் பெரிய கவலையாகவே இல்லை. இத்தனை வருஷம் நான் எத்தனை பேரைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் கவலை.

இதுவரை நாற்பத்தொரு பேரை அளந்திருக்கிறேன். பழைய ஷூவையும் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறேன், அளவு எண் போய்விட்டாலும் நான் செய்த ஷூ இருக்கிறதே, அதற்கும் காலுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடலாம். பதிமூன்று பேருக்குத்தான் சரியாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வயதாகியிருக்கிறது, உடம்பு போட்டிருக்கிறது, பாதம் தட்டையாகிப் படர்ந்திருக்கிறது, சிலருக்கு இளைத்துப் போயிருக்கிறது. கணக்கு வாத்தியார் ஞாபகம் இருக்கிறதா, உனக்குப் பின்னம் வராது என்று எழுதியே கொடுத்தவர், அவருக்குப் பெருவிரல் மூட்டு ஒரு நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. அவர் பிளேடு வைத்து ஷூவின் பக்கத்தை நேர்கோடாகக் கீறிவிட்டு, அந்தக் கீறல் என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று தினமும் காலையில் கறுப்புப் பாலிஷ் போட்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கீறலில் விரலை விட்டுப் பார்த்தபோது தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஜன்னலைப் பார்த்தார், "நீங்க மெனக்கெட்டு செய்றீங்க, குறை சொல்ல மனசு வரலைம்மா" என்றார். நான் குனிந்து அளந்துகொண்டேன். அப்பா ஒருவர்தான் எனக்கு வக்காலத்து வாங்குகிறார், காசு கொடுத்துச் செய்துகொள்கிறவர்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் காதைத் திறந்து வைத்திருந்தேனா என்று அவர் கேட்கவில்லை, அதை நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதினோரு ஜோடியில் ஏழு முடிந்துவிட்டது, பாக்கி நாலு பேரிடம் தவணை கேட்டுவிட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. கண்டக்டர் அம்மா புது ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்துவிட்டுப் போனார், மறுநாள் காலையில் பஸ்ஸை நம் கடை முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிப் படியில் நின்றபடியே இரண்டு காலையும் தட்டிக் காட்டிவிட்டுப் போனார், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சின்னவள் புது கம்ப்யூட்டர் ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறாள், மெல்லிசாகப் புத்தகம் மாதிரி இருக்கிறது, அளவெல்லாம் தானாகவே எங்கேயோ போய்ச் சேர்ந்துகொள்ளும் என்கிறாள். சேரட்டும். ஒவ்வொருவர் பேருக்கு எதிரிலும் அளந்த தேதி என்று ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன், ஒரு வருஷம் தாண்டினால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிட வேண்டும், சிவப்பானவருக்கு நான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கமாட்டேன். பழைய டிஸ்க்கை அப்பா ஸ்க்ரூவிடமிருந்து கேட்டு வாங்கிப் பிரித்துவிட்டார். உள்ளே இருந்த தட்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, அதில் சுரண்டின இடம் மட்டும் வட்டமாக ஒரு கோடு. அதை வாஷ்பேசினுக்கு மேல் மாட்டி வைத்துக்கொண்டு தினமும் அதில் பார்த்துத்தான் முகச்சவரம் செய்கிறார், மீசைக்கு நேராக அந்தக் கோடு வருகிறது, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அந்த ஃபைலில் முதல் எண் நீ. பாசத்தினால் இல்லை, நீ அட்டவணை போட்டதும் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க உன் காலையே அளந்து போட்டாய், அது அப்படியே நின்றுவிட்டது. உள்பக்கம் திரும்பிப் பிறந்து, மாவுக்கட்டு போட்டு, மூன்று வயதில் ஆபரேஷன் செய்து நேராக்கின உன் இடது கால், வலது காலைவிடப் பதினாலு மில்லிமீட்டர் சின்னது, கணுக்கால் பாதிதான் மடங்கும். அந்த அளவை வைத்துத்தான் வருஷத்துக்கு இரண்டு ஜோடி என்று இருபத்துநாலு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன், ஒவ்வொரு தடவையும் சூப்பரா இருக்கும்மா என்றாய். நீ போனபோது உனக்கு இருபத்தேழு வயது, இப்போது முப்பத்தொன்பது. அச்சகத்தில் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை. கன்னத்தில் சதை போட்டிருப்பது போன் வீடியோவிலேயே தெரிகிறது, பாதத்தில் மட்டும் போடாமலா இருக்கும். போன வருஷம் நீ அனுப்பின போட்டோவில் கடையில் வாங்கின கான்வாஸ் ஷூ போட்டிருந்தாய், இடது பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தாய். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு நம் ஷூவைத் துடைக்கக் கொடுத்திருப்பான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நாற்பது பேருக்கு மேல் முழங்காலில் உட்கார்ந்து அளந்த பிறகு அந்தக் காரணத்தை என்னால் நம்ப முடியவில்லை. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று எழுது. என் மனசு கஷ்டப்படுமே என்று நீ பாலிஷ் போட்டு மறைக்க வேண்டாம், அதற்கு இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு பெரிய பழுப்புத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அளக்க வேண்டும், காலையில் வேண்டாம், சாயங்காலம்தான் கால் உள்ளபடி இருக்கும். மெல்லிசான சாக்ஸ் போட்டுக்கொள். தாளைக் கம்பளத்தின் மேல் விரிக்காதே, கெட்டியான தரையில் விரித்து இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நேராக நில், கண் எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துக் குதிகாலில் ஆரம்பித்துச் சுற்றி வர வேண்டும். இதை நீயாகச் செய்துகொள்ள முடியாது. குனிந்தால் எடை எல்லாம் விரலுக்குப் போய்விடும், பாதம் வேறு உருவத்துக்கு மாறிவிடும், அந்தக் கோட்டை நம்பி நான் வெட்டினால் திரும்பவும் உன் காலைக் கடிக்கிற ஷூதான் வரும். நீ நிற்க வேண்டும், இன்னொருத்தர் கீழே உட்கார்ந்து கோடு போட வேண்டும். இதை எழுதும்போதுதான் எனக்குத் தோன்றியது, அங்கே உனக்காகத் தரையில் உட்கார்ந்து பென்சில் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் மழையா வெயிலா என்று கேட்டிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை. இதில் கல்யாணப் பேச்சு எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று தேடாதே, அந்தக் காலம் எல்லாம் எனக்கு எப்போதோ மலையேறிவிட்டது. கூட வேலை பார்க்கிறவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், நீ என்னிடம் இன்னும் சொல்லாத யாராகவும் இருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தரைக் கூப்பிடலாம் என்ற நிலைமையில் நீ இருக்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பல் டாக்டரிடம் போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்கிறாய், போய் வா. நின்றுகொண்டே சாப்பிடாதே. அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், அங்கே மழையா வெயிலா என்றும் கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன். நல்ல பசியும் நல்ல தூக்கமும் நேரான தரையும் உனக்கு எப்போதும் அமையட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

தாளின் ஓரத்தில் கோடு போட்டவர் யார் என்று எழுத மறக்காதே. யாரும் இல்லையென்றால் நீயாகக் குனிந்து ஒரு பொய்க் கோட்டைப் போட்டு, சூப்பரா இருக்கும்மா என்று எழுதி அனுப்பாதே. வெறும் தாளை அப்படியே மடித்து உறைக்குள் போட்டு அனுப்பிவிடு, காரணம் எதுவும் எழுத வேண்டாம். பென்சிலை எடுத்துக்கொண்டு நான் கிளம்பி வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா